கரண்டிமூக்கு உள்ளானும் யூசுப் பாயின் கண்ணும்

ஜன. 16, வெள்ளி. மாட்டுப்பொங்கல்.

காலை 4.30 கிளம்பியாயிற்று. சிங்காநல்லூர் தாண்டும்வரை பனி. ஜெபா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

எடுத்தது: கேமரா, பெரிய லென்ஸ், பேட்டரி மூன்று, லேப்டாப், சேற்றில் விரித்துப் படுக்கப் பழைய லுங்கி, கவிதா கட்டிக்கொடுத்த முறுக்கு. மறந்தது: தொப்பி. இருமல் மருந்து.

வாசலில் கவிதா: "நோம்பி நாள்லதான் குருவி பாக்கப் போகோணுமாங்க? ஊட்டுல இருக்கறவங்க மூஞ்சியெல்லாம் பாக்கற மாதிரி இல்லீங்களா?" மூன்று நாள் லீவு வருடத்துக்கு ஒரு தடவைதான் சேர்ந்து வருகிறது. பம்ப் கம்பெனிக்காரனுக்கு அதுவே அதிகம்.

வெள்ளகோவிலில் டீ. விடிந்துவிட்டது. மாடுகளுக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபா பாங்க் கதை சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பை நடத்துகிறவன் அவன்தான். போன் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

யூசுப் பாய் இல்லாமல் போகும் முதல் பயணம். போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். தூசி, வெயில், கடல்காற்று ஒரு மாதத்துக்கு ஆகாது என்று டாக்டர். கோட்டைமேட்டில் கீல், தாழ்ப்பாள் விற்கும் கடையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேற்றே போன் செய்தார். "எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க, பிரபு."

பாய் பார்த்ததை மட்டும்தான் எழுதுவார். வாலாங்குளத்தில் ஆறு பேர் பார்த்த பருந்தை, "நான் எறக்கையத்தானுங்க பாத்தேன், மொகத்தப் பாக்கலியே" என்று பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஆள். எரிச்சலாகக்கூட இருக்கும்.

நான் அந்தக் குழுவில் பதினோரு வருடம். 'முதலில் பார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. எல்லாவற்றிலும் 'உடன் பார்த்தவர்'. கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' மாதிரி. இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதலாம்.

சாயங்காலம் வேதாரண்யம். லாட்ஜில் வெந்நீர் இல்லை. உப்பளம் ஓரமாக ஒரு நடை. ஆலாக்கள், இரண்டு செம்பருந்து. படம் ஒன்றும் தேறவில்லை.


ஜன. 17, சனி. லாட்ஜ், மதியம் 2.

வரிசையாக எழுத வேண்டும்.

6.40 கோடியக்கரைச் சேற்றுவெளி. மூடுபனி, காற்றே இல்லை. ஜெபா பூநாரைகளைத் தேடி வடக்குப் பக்கம் போனான். நான் லுங்கியை விரித்துக் குப்புறப் படுத்தேன். எதிரே கொசு உள்ளான் கூட்டம். குருவி அளவுதான், குளிர்காலத்துக்கு வந்து போகிறவை, சேற்றைக் கொத்திக்கொண்டே ஓடும். ஊசி மூக்கு. ஆயிரக்கணக்கில் இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. வெளிச்சம் நன்றாக இருந்ததால் நான் மதித்தேன்.

7.25. கூட்டத்தின் வலது ஓரத்தில் ஒன்று. மூக்கின் நுனி அகலம். தட்டை. கரண்டி.

கரண்டிமூக்கு உள்ளான். உடம்பெல்லாம் கொசு உள்ளானைப் போலத்தான், மூக்கு ஒன்றுதான் வித்தியாசம். உலகத்திலேயே மிகக் கொஞ்சம்தான் மிச்சம். இந்தக் கரையில் எப்போதோ பார்த்ததாகச் சொல்வார்கள். கோயமுத்தூர்க்காரன் ஒருத்தனும் பார்த்ததில்லை.

விரலை எடுக்காமல் அமுக்கினேன். கேமரா நின்றதும் தலை தூக்கிப் பார்த்தேன், கூட்டம் மொத்தமாக எழும்பிப் போய்விட்டது. ஜெபாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தான். கேமராத் திரையில் முதல் படத்தைக் காட்டினேன். திரைமேல் கையை மறைப்பாக வைத்துக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"ஏப்பா, இது அதேதானப்பா."

"அதேதான்."

"இனி உம்பேர எவனும் அழிக்க முடியாதுப்பா."

திரையைத் தன் போனில் படம் எடுத்து அங்கேயே குழுவில் போட்டான். 'முதலில் பார்த்தவர்: பிரபு.' பத்து நிமிடத்தில் வாழ்த்து குவிந்துவிட்டது. ஈரோட்டில் இருந்து, சேலத்தில் இருந்து, தெரியாத எண்களில் இருந்து. சென்னையில் பறவைப் பதிவுகளைச் சரிபார்க்கும் ஒருவரே போன் செய்து 'சார்' என்றார்.

யூசுப் பாய் எழுதியது: 'அல்ஹம்துலில்லாஹ். கண் நிறைந்தது.'

மதியம் மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கினேன். இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன், ஞாபகமில்லை.


அதே நாள், சாயங்காலம் 7.30

ஜெபா குளிக்கிறான். லேப்டாப்பில் படங்களை இறக்கினேன். மொத்தம் நாற்பத்து மூன்று.

முதல் பதினொன்றில் கரண்டி.
பன்னிரண்டில் தலையை உதறுகிறது. மூக்குக்கு அந்தப்பக்கம் காற்றில் ஒரு கறுப்புப் பொட்டு.
பதின்மூன்றிலிருந்து ஊசி மூக்கு. கடைசிவரை ஊசி மூக்கு.

சேறு. மூக்கு நுனியில் சேறு அப்பியிருந்திருக்கிறது. கொசு உள்ளான்.

பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேறுதான். புத்தகத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது, சேறு ஒட்டிய மூக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று. நானே புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஜெபா வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

அப்போது போன். யூசுப் பாய். பின்னால் பஸ் சத்தம்.

"பிரபு, ஊட்ல உக்கார முடியலீங்க. திருச்சி பஸ்ல ஏறிப்போட்டேன். காலைல வேதாரண்யம் வந்துருவேன்."

"பாய், கண்ணு..."

"கண்ணாடி போட்டிருக்கறனுங்க. மருந்து பையில இருக்குது. ஊட்டுக்காரிதான் சத்தம் போட்டா. இதப் பாக்காம இந்தக் கண்ண வெச்சுட்டு என்ன பண்றதுன்னுட்டு வந்துட்டேன்."

பஸ் இன்னும் பல்லடத்தைக்கூடத் தாண்டியிருக்காது. 'இறங்கிவிடுங்கள் பாய், அது சேறு.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நான்கு வார்த்தை.

"பாத்து வாங்க பாய்" என்றேன்.

பன்னிரண்டிலிருந்து நாற்பத்து மூன்று வரை படங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன். பெயர்: 'பம்ப் டிராயிங்'. ஜெபா தலை துவட்டிக்கொண்டே வந்து, காட்டு காட்டு என்றான். பதினொரு படம் காட்டினேன்.

"இவ்ளோதானா?"

"பறந்துருச்சு."

எழுதுவதற்கே அசிங்கமாக இருக்கிறது.


ஜன. 18, ஞாயிறு

பாய் காலை ஆறரைக்கு வந்து இறங்கினார். ஒரு தோளில் பை, மறுதோளில் ஸ்கோப், மூன்றுகால் ஸ்டாண்டு. அந்த ஸ்கோப் அவருடைய சொத்து. ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி. அதற்காக இரண்டு வருடம் சீட்டுக் கட்டினார். வலது கண்ணால் பார்த்தே பழக்கம், ஆபரேஷன் ஆனதும் அந்தக் கண்தான்.

சேற்றுவெளியில் இடத்தைக் காட்டச் சொன்னார்.

"இங்கதான் படுத்திருந்தீங்களா?"

"ஆமாங்க பாய்."

"கூட்டத்துல எந்தப் பக்கமுங்க?"

"வலது ஓரம்."

"கூட ஒட்டி மேஞ்சுதா, தள்ளி மேஞ்சுதா?"

"கொஞ்சம் தள்ளி."

எந்தப் பதிலுக்கும் ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை என்பதுதான் கொடுமை. எல்லாமே நிஜம். ஒன்றைத் தவிர.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணுக்குச் சொட்டு மருந்து. காற்றில் அவருக்குக் கை ஆடியது. "நீங்க ஊத்திவிடுங்க பிரபு, உங்க கை வேலைக்காரன் கை, ஆடாது" என்று முகத்தைத் தூக்கிக் காட்டினார். கண் நன்றாகச் சிவந்திருந்தது. இமையை விரலால் விரித்துப் பிடித்து ஊற்றினேன். கை ஆடவில்லை. ஆடியிருக்கலாம்.

மதியம் நானும் ஜெபாவும் கிளம்ப வேண்டும், நாளைக்கு வேலை. பாய் வரவில்லை என்றுவிட்டார். "இன்னும் ரெண்டு நாள் பாக்கறனுங்க. வந்த பறவ உடனே போயிராது." கார் திரும்பும்போது பார்த்தேன். உப்புவெளி வெயிலில் குனிந்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே நின்றார். கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

திருச்சிவரை தூங்குவது போல நடித்தேன்.


ஜன. 19, திங்கள்

கம்பெனி. பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் சக்கரம், ஒரு லாட் சோதித்தேன். மைக்ரோமீட்டரில் ஒரு மயிரிழை கூடுதல், பதினாலைத் தள்ளினேன். லேத்துக்காரர் முருகேசன் கெஞ்சினார். "ஏனுங்க சார், தண்ணிக்குள்ள கெடந்து சுத்தற சாமான், இதப் போயி யாரு பாக்கப்போறாங்க?"

"நான் பாத்துட்டனல்லங்க" என்றேன். சொன்ன பிறகு வாய் கசந்துவிட்டது.

சென்னைக்காரர் படங்களின் மூல ஃபைல் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வரிசையாக வேண்டுமாம். கார்டு கெட்டுவிட்டது என்று எழுதினேன். மன்னிக்கவும் சார் என்று வேறு. மூன்றாவது பொய்யா, நாலாவதா?

வரும்போது பருப்பு, ஊதுபத்தி. கேஸ் புக் செய்ய வேண்டும்.

பாயிடம் இருந்து தகவல் இல்லை. நானும் கேட்கவில்லை.


ஜன. 21, புதன்

பாய் ஊர் திரும்பிவிட்டார். குழுவில் எழுதியிருக்கிறார்: 'மூன்று நாள் பார்த்தேன். எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிரபுவுக்கு மீண்டும் வாழ்த்துகள்.'

உடனே யாரோ ஆறுதல் சொல்லி, யாரோ பூ போட்டு. நானும் கை கூப்பிய பொம்மை ஒன்று போட்டேன்.

ஜெபா போன்: "பாய் என்னமோ மாதிரி இருக்காரப்பா. ஞாயித்துக்கெழம கொளத்துக் கணக்கெடுப்புக்குக் கூப்ட்டா வரலீங்கறாரு. இத்தன வருசத்துல ஒருக்கா மிஸ் பண்ணுனதில்ல."

மழை வரும்போல் மூடி இருந்தது, வரவில்லை. தலைவலி.


ஜன. 24, சனி

சம்பளப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணிக்கே கிளம்பி பாய் கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உக்கடம் சிக்னலில் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

கடையில் ஆள் இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண் பரவாயில்லை, சிவப்பு வடிந்திருந்தது.

"உங்க கிட்ட ஒன்னு சொல்லோணும் பிரபு. குழுவுல சொல்லல. நீங்க மனசுக்குள்ளயே வெச்சுக்கோணும்."

"சொல்லுங்க பாய்."

"அந்தக் கூட்டம் அங்கயேதானுங்க இருந்துச்சு. மூணு நாளும். கிட்டக்கூட வந்துச்சு. ஒவ்வொன்னா, ஒவ்வொன்னா பாத்தேன். அத்தனையும் ஊசி மூக்காத்தான் தெரியுது எனக்கு. நீங்க பாத்தது அதுக்குள்ளதான இருக்கோணும்? படத்துல அவ்வளவு சுத்தமாத் தெரியுது கரண்டி. என் கண்ணுக்குத் தெரியலீங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டரு நல்லாருக்குதுங்கறாரு. அவரு செவுத்துல எழுத்தக் காட்டிப் படிங்கறாரு. அது போதுமுங்களா? இத்தூண்டு மூக்கு நுனியப் பாக்கறதுக்குத்தான் எனக்குக் கண்ணு வேணும். அது போச்சுங்க. ஒருவேள போன வருசமெல்லாம் நான் எழுதுனதே தப்போ என்னமோ. இனி எதையும் நம்பி எழுத மாட்டேன்."

அழவில்லை. சாமான் விலை சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு மேஜைக்குக் கீழிருந்து எடுத்தார். ஸ்கோப். துடைத்து, உறை போட்டு, ஸ்டாண்டோடு கயிறு கட்டி வைத்திருந்தார். எனக்காகக் கட்டி வைத்திருந்தார்.

"நீங்க வெச்சுக்கோங்க. பாக்கத் தெரிஞ்ச கண்ணுக்கிட்ட இருக்கட்டும்."

வேண்டாம் என்றேன். வேண்டாம் பாய் என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான். அவர் எழுந்து வந்து என் தோளில் மாட்டிவிட்டார். கதவுக்கு ஸ்க்ரூ வாங்க ஒரு அம்மா வந்தார். "வாங்கம்மணி, என்ன சைசுங்க?" என்று அந்தப் பக்கம் போய்விட்டார்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பைக்கில் முன்னால் குறுக்கே வைத்து, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கவிதா: "என்னங்க அது?"

"பாய் குடுத்தாரு."

"எவ்ளோங்க?"

"சும்மா."

"சும்மாவா? அப்படி என்ன செஞ்சுபோட்டீங்க அவருக்கு?"

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். பொய் சொல்வது இப்போது யோசிக்காமலே வருகிறது.


ஜன. 25, ஞாயிறு

குளத்துக் கணக்கெடுப்புக்குப் போகவில்லை. ஜெபா ஆறு தடவை அழைத்தான்.

மொட்டைமாடியில் ஸ்கோப்பைப் பொருத்தினேன். எதிர்வீட்டு டிவி ஆண்டெனாவில் கரிச்சான். இறகின் நுனி, மூக்கோர முடி எல்லாம் தெரிகிறது. மூன்று நிமிடம். மறுபடி கழற்றி உறைக்குள் போட்டேன். தொடும்போது திருட்டுச் சாமான் தொடுவது போல இருந்தது. திருட்டுச் சாமான்தான்.

கவிதா துணி காயப்போட வந்தாள். சொன்னேன். முதலிலிருந்து, ஃபோல்டர் பெயர் வரை. கிளிப் மாட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு துண்டு காயப்போடும் நேரம்தான் ஆனது சொல்லி முடிக்க. எட்டு நாள் சுமந்தது.

"குருவி மூக்குல சேறு ஒட்டீருந்தது தப்பில்லீங்க. நீங்க பாத்துச் சொன்னதும் தப்பில்ல. தெரிஞ்சதுக்கப்பறம் அந்த மனுசன் கண்ணையே புடுங்கிட்டு வந்திருக்கறீங்களே" என்றாள்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன்.

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது: "குழுவுல போடறதுக்கு முன்னாடி அவருகிட்டப் போங்க. அவரு போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது."

நாளைக்கு. குடியரசு தினம், லீவு.

எதற்கு நாளைக்கு? இன்றைக்கே போகலாமே. மணி நாலுதான். பயம். பாய் திட்டுவார் என்ற பயம்கூட இல்லை. நாளைக்கு இந்நேரம் நான் மறுபடி 'உடன் பார்த்தவர்'கூட இல்லை என்ற பயம். இதையும் எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.


ஜன. 26, திங்கள்

குழுவில் போட்டாயிற்று, 11.20. நாற்பத்து மூன்று படமும். 'அன்று மாலையே எனக்குத் தெரியும்' என்ற வரியை இரண்டு தடவை அழித்து மூன்றாம் தடவை வைத்தேன். சென்னைக்காரருக்கும் தனியாக. போனை அணைத்துவிட்டேன்.

பாய் வீட்டில் நடந்தது.

கடை லீவு, வீட்டுக்கே போனேன். ஸ்கோப், லேப்டாப். மாடிப்படி ஏறினேன். பாய் பனியனோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மும்தாஜ் அக்கா வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பேசினால் சுற்றி வளைப்பேன் என்று தெரியும். பேசாமல் லேப்டாப்பைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. ஒவ்வொன்றாக நானே தள்ளினேன்.

பாய் பதின்மூன்றில் நின்றார். திரும்பப் பன்னிரண்டுக்கு வந்தார். விரலால் அந்தக் கறுப்புப் பொட்டைத் தொட்டார்.

"சேறுங்களா இது?"

"ஆமாங்க பாய்."

"அப்ப அங்க கரண்டிமூக்கே இல்லீங்களா?"

"இல்லீங்க பாய்."

"அப்ப எனக்குத் தெரிஞ்சது?"

"நீங்க பாத்ததுதான் சரி. அத்தனையும் கொசு உள்ளான்."

இதற்குத்தான் நான் தயாராக இல்லை. சிரித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஜன்னலுக்கு எழுந்து போய் எதிர்ப்புறக் கட்டடத்து போர்டைச் சத்தமாகப் படித்தார், கீழே சின்ன எழுத்தில் இருந்த போன் நம்பர் வரை. "மும்தாஜு, இங்க வா. எங்கண்ணுக்கு ஒன்னுமில்லியாமா. எனக்குச் சுத்தமாத் தெரிஞ்சிருக்குது." அக்கா ஈரக் கையோடு வந்து நின்று, என்னைப் பார்த்து, "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. 

பிறகு பாய் திரும்ப வந்து உட்கார்ந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்குச் சாயங்காலம்."

"நான் பஸ்ல இருந்து போன் பண்ணுனப்ப?"

"தெரியும் பாய்."

"அங்க வந்து, எந்தப் பக்கம்னு உங்களக் கேட்டப்ப?"

"தெரியும்."

"மருந்து ஊத்திவிட்டீங்களே. அப்ப?"

தலையை ஆட்டினேன். அவர் காத்திருந்தார். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"தெரியும் பாய்."

அவர் ஸ்கோப்பை எடுத்தார். நான் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். தோளில் மாட்டிக்கொண்டு உள் அறைக்குப் போனார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். போவதா, கூப்பிடுவதா தெரியவில்லை. உள்ளே ஸ்டாண்டின் கால்களை நீட்டும் சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னலைத் திறக்கும் சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து மும்தாஜ் அக்கா வந்தார். அவருக்கு என்ன தெரிந்தது, எவ்வளவு கேட்டார், தெரியாது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவரு தூங்கறாருங்க" என்றார்.

மணி காலை பத்தரை.